மலைச்சாலையில் ஒரு பழைய வண்டி

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறிச் செல்கின்றவர்கள் ரிங்லெட்டை அடைந்ததும் ஒரு காட்சியைக் காணத் தவறமாட்டார்கள். காய்கறிக் கூடைகள் கூரை உயரத்திற்கு அடுக்கப்பட்டிருக்க, கதவு இருந்த இடத்தில் பலகையோ வெற்றிடமோ இருக்க, சேறு அப்பிய சக்கரங்களோடு முனகிக்கொண்டு மேடேறும் லேண்ட்ரோவர் வண்டிகளே அவை. பிற ஊர்களில் அந்த வயதுடைய வண்டிகள் துணி போர்த்திக் கொட்டகைக்குள் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே வந்து வெயில் காயும். கேமரன் மலையிலோ அவை இன்றும் முட்டைக்கோசும் தக்காளியும் உரமூட்டையும் சுமந்து உழைத்துக்கொண்டிருக்கின்றன. உழைக்கும் முதியவர்களுக்குக் கிடைக்கும் மரியாதையும் அலட்சியமும் அவற்றுக்கும் ஒருசேரக் கிடைக்கின்றன.

இத்தனை வண்டிகள் ஓடும் ஊரில் ஒரு பழைய லேண்ட்ரோவர் வாங்குவது என்ன பெரிய காரியம் என்று கேட்கத் தோன்றும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அவற்றுள் பலவற்றுக்கு முகம் மட்டுமே லேண்ட்ரோவர். மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஜப்பானிய டீசல் இயந்திரம் உட்கார்ந்திருக்கும். பின்புறம் வெட்டப்பட்டு இரும்பு மேடை பொருத்தப்பட்டிருக்கும். இதில் குறை காண ஒன்றுமில்லை. உழவருக்கு வேண்டியது கூடை ஏற்றும் வண்டி, பழம்பெருமை அன்று. ஆயினும், ஆலையை விட்டு வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே, தன் பெட்ரோல் இயந்திரத்தோடும் தன் கியர்ப் பெட்டியோடும் நிற்கின்ற வண்டி மிக அரிது. அப்படிப்பட்ட ஒன்றை, அதுவும் அலங்காரத்துக்காக அன்றி, அன்றாடம் பள்ளிக்குப் போய்வருவதற்காக, ஒரு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் 2022ஆம் ஆண்டில் வாங்கினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஊரில் பலர் அதைக் கிறுக்கு என்றனர். அவருடைய மனைவியார் அச்சொல்லைப் பயன்படுத்தவில்லை. பிறர் பயன்படுத்தியபோது மறுக்கவும் இல்லை.

தேவை ஒன்று இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் பணியாற்றிய பள்ளி தேயிலைத் தோட்டத்தின் உள்ளே இருந்தது. வீட்டிலிருந்து ஏழு மைல். அதில் கடைசி இரண்டரை மைல் தோட்டத்துச் சாலை. தார் போட்ட காலமும் உண்டு; மழை அதைக் கழுவிக்கொண்டு போன காலமே அதிகம். ஆண்டு இறுதி மழையில் செம்மண் குழம்பாகிவிடும். அவரிடம் இருந்த சிறிய உள்நாட்டுக் கார் அந்தக் குழம்பில் மூன்று முறை வயிறு தட்டி நின்றது. மூன்றாம் முறை கொழுந்து ஏற்றும் லாரிதான் கயிறு கட்டி இழுத்தது. நான்கு சக்கரங்களும் இழுக்கின்ற வண்டி ஒன்று வேண்டும் என்பதில் வீட்டில் எவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. எந்த வண்டி என்பதில்தான் வீடு இரண்டாகப் பிரிந்தது.

"என்னங்க, இது மூன்றாம் வகுப்புக் கணக்குதான்" என்றார் மனைவியார். "புதிய வண்டி என்றால் மாதாமாதம் கட்டலாம். இந்தப் பழையதுக்கு முதலில் மொத்தமாகவும் கொடுக்க வேண்டும், பிறகு மாதாமாதமும் கொடுக்க வேண்டும்."

அந்தக் கணக்கில் பிழை இல்லை. மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக் கூரையை மாற்றுவதற்கென்று ஒரு தொகை சேர்த்து வைத்திருந்தார்கள். அந்தத் தொகையில்தான் அவர் கைவைக்க எண்ணினார். தவணை முறையில் ஒரு புதிய பிக்கப் எடுத்திருந்தால் கூரையும் மாறியிருக்கும், பள்ளிக்கும் நேரத்தோடு போயிருக்கலாம். அறிவுடையவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அவர் தம் பக்கத்து நியாயமாக எதைச் சொன்னாலும் அது அந்தக் கணக்கின் முன் நிற்கவில்லை. உண்மையான காரணத்தை அவர் சொல்லவுமில்லை. மனைவியாருக்கு அது தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

அவருடைய தந்தையார் தோட்டத்தில் துரையின் வண்டியோட்டி. 1964 முதல் 1991 வரை, இருபத்தேழு ஆண்டுகள்.

லேண்ட்ரோவரின் கதையும் அவசரகாலத்தின் கதையும் இந்நாட்டில் ஏறக்குறைய ஒன்றாகவே தொடங்குகின்றன. பிரிட்டனில் ரோவர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளராயிருந்த மாரிஸ் வில்க்ஸ், ஆங்கில்சி தீவிலுள்ள தம் நிலத்தில் போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அது தேய்ந்துபோனால் அதற்கு மாற்றாக எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்து 1947ஆம் ஆண்டில் இவ்வண்டி பிறந்தது. 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அதை உலகுக்குக் காட்டினார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் சுங்கை சிப்புட்டில் வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் மூவர் கொல்லப்பட, மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை வரை நீடித்தது. காட்டோரச் சாலைகளில் படையினரும் காவல்துறையினரும் தோட்டத்துத் துரைமாரும் பயன்படுத்திய வண்டிகளில் லேண்ட்ரோவருக்குத் தனியிடம் உண்டு. வண்டி வருவதைக் கேட்டுப் பெரட்டுக் களத்தில் ஆட்கள் நிமிர்ந்து நிற்பார்கள். லயத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஓசை தூரத்திலேயே தெரியும். அந்த ஓசைக்குத் தம் தந்தையின் வருகை என்றும் பொருள் கொண்ட பிள்ளை, தோட்டத்தில் இவர் ஒருவரே.

1991இல் தோட்டம் அவ்வண்டியைக் கழித்துக் கட்ட முடிவு செய்தது. தந்தையார் அதைத் தாமே வாங்கிக்கொள்ள விரும்பினார். காய்கறி ஏற்றிப் பிழைக்கலாம் என்பது அவர் எண்ணம். 1,800 வெள்ளி சேர்த்திருந்தார். கிராணியார் மூலமாகக் கேட்டுப் பார்த்தார். பதில் வரவில்லை. ஒருநாள் காலையில் வண்டியைக் கழுவித் துடைத்து வை என்று சொன்னார்கள். கழுவித் துடைத்து வைத்தார். பிற்பகலில் வெளியூர் வணிகர் ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். அதன்பின் ஓய்வு பெறும் வரையில் தந்தையார் பண்டகசாலைக்குக் காவலராக இருந்தார். அந்த 1,800 வெள்ளி அவ்வாண்டே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் புறப்பட்ட மகனுக்குப் பெட்டியாகவும் படுக்கையாகவும் வெள்ளைச் சட்டைகளாகவும் பேருந்துக் கட்டணமாகவும் மாறிற்று. மகனுக்கு இதைச் சொன்னவர் தாயார். தந்தையார் எந்நாளும் வாய் திறந்ததில்லை. மகன் அதை ஒருபோதும் மறக்கவில்லை என்று எழுதினால் அது மிகை. முப்பது ஆண்டுகள் மறந்துதான் இருந்தார். ரிங்லெட்டை அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு தகரக் கொட்டகைக்குள், உர மூட்டைகளுக்குப் பின்னால் அந்தப் பச்சை வண்டியைக் கண்ட அன்றுதான் நினைவு வந்தது.

அது 1967ஆம் ஆண்டு வண்டி. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 88 அங்குலம். முன்விளக்குகள் இரண்டும் கண்கள்போல் நெருங்கி, நடுவிலுள்ள வலைத்தட்டியில் இருந்தன. சில ஆண்டுகளுக்குப் பின்வந்த வண்டிகளில் அவை இரு பக்கத்து மட்கார்டுக்கு மாறிவிட்டன. ஆகவே பழகிய கண் இதைத் தொலைவிலிருந்தே வயது சொல்லிவிடும். உரிமையாளரான சீனப் பெரியவர் தோட்ட வேலையை மகன்களிடம் விட்டுவிட்டார். மகன்கள் புதிய பிக்கப் வாங்கிக்கொண்டனர். பதினைந்து ஆண்டுகளாக இது நின்ற இடத்திலேயே நின்றது. நின்றுபோனதனால்தான் எவரும் இயந்திரத்தை மாற்றவில்லை.

ஆசிரியர் தனியாகச் செல்லவில்லை. தானா ராத்தாவில் பட்டறை வைத்திருப்பவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றார். அவர் இவரிடம் ஆறாம் வகுப்புப் படித்தவர். அன்று பாடம் நடத்தியவர் மாணவரே.

"ஐயா, மேலே பார்க்காதீர்கள். கீழே வாருங்கள்" என்றார் அவர். தலைமையாசிரியர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஈர மண்ணில் மல்லாந்து படுத்தார்.

பழைய லேண்ட்ரோவர் வாங்குவோர் ஏமாறும் இடம் இதுதான். 1947இல் பிரிட்டனில் எஃகு பங்கீட்டில் இருந்தது. ஆகவே வெளித்தகட்டை அலுமினியக் கலவையால் செய்தார்கள். அலுமினியம் துருப்பிடிப்பதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மேனி பளிச்சென்று இருக்கும். ஆனால் அதைத் தாங்குகின்ற அடிச்சட்டமும், இயந்திரத்துக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள தடுப்பும் எஃகு. அவை உள்ளிருந்து அரிக்கும். பட்டறைக்காரர் சிறு சுத்தியலால் அடிச்சட்டத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு மணிபோல் ஒலித்தது. செத்த இரும்பு அட்டைப்பெட்டிபோல் ஒலித்தது. முன்பாதி மணி. பின்பாதியும் பெரும்பாலும் மணி. கடைசிக் குறுக்குச் சட்டத்தில் சுத்தியல் உள்ளே போய்விட்டது. ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் பூமி தெரிந்தது. அலுமினியமும் எஃகும் ஒட்டிய இடங்களில் ஈரம் சேர்ந்து வெண்பொடி பூத்திருந்தது. முன்சக்கரம் திரும்புவதற்கான உருண்டைகளில் குழி விழுந்து எண்ணெய் வழிந்திருந்தது.

"எல்லா இடத்திலும் எண்ணெய் சொட்டுகிறதே, தம்பி" என்றார் ஆசிரியர்.

"சொட்டட்டும் ஐயா. சொட்டாத அன்றைக்கு என்னைக் கூப்பிடுங்கள்."

பெரியவர் 22,000 வெள்ளி கேட்டார். பழுதுகளைக் காட்டி, தேநீர் குடித்து, மறுபடியும் பழுதுகளைக் காட்டி, 18,500க்கு முடிந்தது. பின்னும் எளிதாக முடியவில்லை. பெயர் மாற்றுவதற்கு முன் புஸ்பாகோம் சோதனையில் இயந்திர எண்ணும் அடிச்சட்ட எண்ணும் கிராண்டில் உள்ளபடியே இருக்க வேண்டியிருந்தது. அடிச்சட்டத்தில் பொறித்த எண் வண்ணத்துக்கும் துருவுக்கும் அடியில் புதைந்து கிடந்தது. கம்பித் தூரிகையும் மண்ணெண்ணெயும் கொண்டு அவர் ஒரு பிற்பகல் முழுவதும் தேய்த்தார். ஓர் எண் தெரியும், அடுத்தது தெரியாது. கடைசி எண் 3ஆ 8ஆ என்ற ஐயம் நெடுநேரம் வாட்டியது. 8 என்றால் வண்டி அவருக்கில்லை. அது 3.

இயந்திரத்தைத் திறந்து வால்வுகள் அமரும் இடங்களில் கடினமான வளையங்களைப் பொருத்தவேண்டியிருந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற காலத்து இயந்திரம் அது. அந்த ஈயமே வால்வுகளுக்கு மெத்தையாக இருந்தது. இன்றைய பெட்ரோலில் அவ்விடங்கள் தேயும். பின்குறுக்குச் சட்டம் புதிதாயிற்று. பிரேக் குழாய்கள் புதிதாயின. நான்கு சக்கரங்களிலும் பழைய டிரம் பிரேக்தான். முதல் நான்கு மாதச் செலவை இங்கே எழுதுவது அவருடைய மனைவியாருக்கு நல்லதன்று. அவ்வாண்டு மழையில் வீட்டுக் கூரையும் ஒழுகியது; வண்டிக் கூரையும் ஒழுகியது.

வண்டி வீட்டு வாசலுக்கு வந்த அன்று மாலை, எண்பத்திரண்டு வயதுத் தந்தையார் கைத்தடியுடன் வெளியே வந்தார். ஒருமுறை சுற்றி வந்தார். இடப்பக்கத்துக் கதவுக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"இது அந்த வண்டி இல்லை" என்றார்.

"தெரியும் அப்பா."

"அதற்கு இந்த இடத்தில் ஒரு நசுங்கல் உண்டு."

அவ்வளவே. உள்ளே போய்விட்டார். மகன் எதிர்பார்த்தது வேறு. என்ன எதிர்பார்த்தார் என்பதை அவராலேயே சொல்லியிருக்க முடியாது.

அன்றாடம் ஓட்டுவது என்பது, வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதிலிருந்து முற்றிலும் வேறானது. சுக்கானுக்கு விசைத்துணை இல்லை. கொண்டையூசி வளைவில் இரு தோள்களும் உழைக்க வேண்டும். மணிக்கு 45 மைலுக்கு மேல் போனால் பேச்சுக் கேட்காது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஆறேழு கிலோமீட்டர். அதிகாலைக் குளிரில் சோக்கை இழுத்து, அளவறிந்து மெல்ல மெல்ல உள்ளே தள்ள வேண்டும். அவசரப்பட்டால் மூச்சடைத்து நின்றுவிடும்.

நான்கு சக்கர இயக்கத்திற்கு இரண்டு கோல்கள். மஞ்சள் குமிழை அழுத்தினால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். சிவப்புக் குமிழுடைய கோலைப் பின்னுக்கு இழுத்தால் வேகம் குறைந்து வலிமை பெருகும். பிள்ளைகள் அதைப் பார்க்க வண்டியைச் சூழ்ந்துகொள்வார்கள். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "நான்கும் இழுப்பது நல்லதென்றால், எப்போதும் அழுத்தியே வைக்கலாமே ஐயா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. வளைவில் முன்சக்கரங்கள் கடக்கும் தொலைவும் பின்சக்கரங்கள் கடக்கும் தொலைவும் ஒன்றல்ல. சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை, ஆகவே முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கும், பற்சக்கரங்கள் வருந்தும். முற்றத்து மண்ணில் குச்சியால் இரண்டு வளைவுகள் வரைந்து அவர் இதை விளக்கினார். அம்மாணவி இரண்டு கோடுகளையும் காலடியால் அளந்து பார்த்த பிறகே ஒப்புக்கொண்டாள்.

எல்லாவற்றினும் கடினம் கியர். மூன்றும் நான்கும் எளிதில் விழும். முதலாவதும் இரண்டாவதும், ஓடிக்கொண்டிருக்கும்போது, பல்லைக் கடித்துக்கொண்டு கத்தும். அவற்றை ஒத்திசைக்கும் அமைப்பு அந்தப் பெட்டியில் இல்லை. கிளட்சை மிதித்து நடுநிலைக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, இயந்திரத்தைச் சற்று விரைவாக்கி, மறுபடியும் மிதித்து இரண்டாவதில் தள்ள வேண்டும். இதை அவர் நூலில் படித்து அறிந்திருந்தார். படித்தது கைக்கு இறங்கவில்லை. ஒவ்வொரு நாள் மாலையும் வீட்டருகேயுள்ள மேட்டில் அந்த ஓசை எழும்பும். தந்தையார் உள்ளே தொலைக்காட்சியின் முன் அமர்ந்தபடி கண்களை மூடிக்கொள்வார் என்று மனைவியார் பின்னாளில் சொன்னார்.

நவம்பர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பெற்றோர்களைப் பள்ளிக்கு அழைத்திருந்த நாள். தோட்ட வேலையில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வருகின்றவர்கள் அவர்கள். இரவு முழுதும் பெய்த மழை விட்டு, பனி இறங்கியிருந்தது. காலை ஏழு மணிக்குத் தோட்டத்து ஏற்றத்தின் நடுவில் வண்டி இருமியது, இருமி நின்றது. எத்தனை முறை திருகியும் எழவில்லை. மின்கலமும் களைத்தது. அலுவலகச் சாவியும் மண்டபச் சாவியும் அவருடைய சட்டைப் பையில் இருந்தன. அந்த இடத்தில் கைப்பேசி அலையும் எட்டாது. குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாதி வழியில் காய்கறிக்காரர் ஒருவருடைய புதிய பிக்கப் ஏற்றிக்கொண்டது. அவர் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு பத்து. பூட்டிய மண்டபத்தின் தாழ்வாரத்தில் நாற்பது பேர் சாரலில் ஒதுங்கி நின்றிருந்தனர். எவரும் ஒன்றும் சொல்லவில்லை. "பரவாயில்லைங்க ஐயா" என்றுதான் சொன்னார்கள். அதைக் கேட்பதைவிட வசவு கேட்டிருக்கலாம். வருகைப் பதிவேட்டில் தம் பெயருக்கு நேரே நேரத்தைத் தாமே சிவப்பு மையால் எழுதினார். நெடிய பணிக்காலத்தில் அதுவே முதல் முறை.

அன்று பிற்பகல் பட்டறைக்காரர் வண்டியை இழுத்து வந்து வாசலில் விட்டார். "ஐயா, மூச்சு வாங்குகிற எஞ்சினை எத்தனை நாளைக்குத் தூக்கிக்கொண்டு அலைவீர்கள்? ஜப்பான் டீசல் ஒன்று நல்லதாக வந்திருக்கிறது. மாற்றிவிட்டால் பிறகு பட்டறைப் பக்கமே வரமாட்டீர்கள்" என்றார். நேர்மையான யோசனை, அவருக்கு அதில் ஆதாயமும் குறைவு. ஆசிரியர் மறுக்கவில்லை. சனிக்கிழமை காலை கொண்டு வருவதாகச் சொன்னார். அந்நாற்பது பேரின் முகங்களுக்கு முன்னால் அசல் இயந்திரம், அரிய வண்டி என்பனவெல்லாம் சொல்வதற்கே கூசும் சொற்களாகிவிட்டன.

அந்தி நேரத்தில் வாசலில் உலோக ஓசை கேட்டு எட்டிப் பார்த்தார். தந்தையார் வண்டியின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கைத்தடியை மட்கார்டில் சாய்த்துவிட்டு, உள்ளே கைவிட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் புரை, பார்வை பாதிதான். கை தானாகவே போய் இரண்டு கவ்விகளைத் தட்டித் திறந்தது. டிஸ்டிரிபியூட்டரின் மூடி கையோடு வந்தது. கறுப்பு மூடி, அதிலிருந்து ஐந்து கறுப்புக் கம்பிகள் தொங்கின.

"தொட்டுப் பார்."

உட்புறம் ஈரமாக இருந்தது.

"பனி இறங்குகிற ஊர், தம்பி. இது உள்ளுக்குள்ளே வியர்க்கும். விளிம்பில் விரிசல் வேறு இருக்கிறது பார், மயிரிழை மாதிரி. வேறு மூடி வாங்கு. மழைக்காலத்தில் ராத்திரி இதைக் கழற்றி வீட்டுக்குள்ளே கொண்டு போய்விட வேண்டும். நான் உங்கம்மாவின் அடுப்பு மேட்டில் வைத்துவிடுவேன்."

மகனுக்குக் கையிலிருந்த பொருள் மங்கியது. லயத்து வீட்டின் அடுப்பங்கரை. சாம்பல் மேட்டின் ஓரத்தில், சூடு படும் தொலைவில் ஒரு கறுப்பு நண்டு. ஐந்து கால்கள். அதைத் தொட்டால் அம்மா அடிப்பார். விடியற்காலையில் அது இருக்காது. இரவில் மறுபடியும் வந்திருக்கும். பிள்ளைப் பருவத்தில் எத்தனையோ இரவுகள் அதைப் பார்த்துக்கொண்டே உறங்கியிருக்கிறார். அது என்னவென்று கேட்டதில்லை. நினைவில் அதற்கு நண்டு என்ற பெயர் மட்டுமே இருந்தது.

தந்தையார் மூடியை வேட்டி முனையால் துடைத்தார். மனைவியார் கொண்டுவந்த பழந்துணியால் மீண்டும் துடைத்தார். எரிவாயு அடுப்பின் அருகில் கால்மணி நேரம் வைத்து எடுத்துவரச் சொன்னார். மின்கலம் களைத்திருந்ததால் இருக்கைக்குப் பின்னாலிருந்த கைத்திருகியை எடுக்கச் சொல்லி, அதை முன்புறத் துளையில் பொருத்த வைத்தார்.

"கட்டைவிரலை மடக்காதே. மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வை. எஞ்சின் திருப்பி உதைத்தால் கட்டைவிரல் போய்விடும். கீழேயிருந்து மேலே இழு. மேலேயிருந்து கீழே அழுத்தாதே."

மூன்றாவது இழுப்பில் வண்டி எழுந்தது. தந்தையார் சிறிது நேரம் காதைச் சாய்த்துக் கேட்டார். "வால்வு சரியாக இருக்கிறது" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "ஏறு. அந்த இரண்டாவது கியரைக் கேட்கச் சகிக்கவில்லை" என்றார்.

இடப்பக்க இருக்கை துரைக்கு உரியது. இருபத்தேழு ஆண்டுகளில் அவர் அதைத் துடைத்திருக்கிறார், அமர்ந்ததில்லை. வண்டி வீட்டுக்கு வந்த பிறகு, மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய ஒரே ஒரு நாளிலும் பின்புறப் பலகையில்தான் ஏறிக்கொண்டார். அன்று கதவைத் திறந்தபின் ஒரு கணம் நின்றார். மகன் உதவிக்குக் கை நீட்டினார். அவர் அதைப் பிடிக்காமல், மேற்கம்பியைப் பற்றி ஏறி அமர்ந்தார். அந்தக் காலத்து வண்டியில் வேகமானி ஓட்டுநருக்கு நேராக இல்லை; நடுவில் இருக்கும். இடப்புறம் அமர்ந்தவருக்கும் நன்றாகத் தெரியும். அவர் அதைப் பார்க்கவில்லை. கண்களை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார்.

"இப்போது மிதி. விடு. கொஞ்சம் கொடு. மிதி. போடு."

கத்தியது.

"நிறையக் கொடுத்துவிட்டாய். மறுபடியும்."

ஒன்பதாம் முறையோ பத்தாம் முறையோ ஓசையின்றி விழுந்தது. தந்தையார் பாராட்டவில்லை. இறக்கத்தில் பிரேக்கை நம்பாதே, முன்கூட்டியே நிறுத்திச் சிவப்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு இயந்திரத்தையே பிடிக்கவிடு என்றார். பாதையோரத்தில் தேயிலைச் செடிகள் இருட்டத் தொடங்கியிருந்தன. வீடு திரும்பும் வரையில் வேறு பேச்சில்லை.

சனிக்கிழமை காலை பட்டறைக்குப் போய், இயந்திரத்தை மாற்ற வேண்டாம், ஒரு மூடி மட்டும் தருவித்துத் தந்தால் போதும் என்றார். பட்டறைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு இரண்டு மூடிகளாகத் தருவித்தார். மனைவியாரின் கணக்கு அதனால் பொய்யாகிவிடவில்லை. கூரை மாற்றம் இன்னும் ஓராண்டு தள்ளிப் போயிற்று. வண்டி அதன்பின்னும் இரண்டு முறை வழியில் நின்றது. ஒருமுறை பெட்ரோல் பம்பு, ஒருமுறை பிரேக் குழாய். ஆனால் அலுவலகச் சாவியின் மறுபிரதி அன்று முதல் தோட்டத்திலேயே குடியிருக்கும் ஆசிரியை ஒருவரிடம் இருந்தது. அந்தத் திருத்தத்தை அவர் முன்பே செய்திருக்க வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை காலை, ஓட்டுநர் இருக்கையின் மேல் ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகம் இருந்தது. பேத்தியின் பழைய புத்தகம். எழுதாத தாள்கள் மிஞ்சியிருந்தவை. அடிக்கோலால் கட்டங்கள் போட்டிருந்தன: தேதி, புறப்படும் மைல், சேரும் மைல், பெட்ரோல், பழுது, கையொப்பம். தோட்டத்து வண்டியில் இப்படி ஒரு பதிவுப் புத்தகம் இருந்ததை மகன் சிறுவயதில் பார்த்திருக்கிறார். அதில் கையொப்பத்திற்கு இரண்டு கட்டங்கள்; ஒன்று வண்டியோட்டிக்கு, மற்றொன்று துரைக்கு. இந்தப் புத்தகத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது.

அன்றைய தேதியைத் தந்தையார் தமிழ்ப்பள்ளியில் கற்ற சாய்ந்த எழுத்தில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். மகன் வேகமானியைப் பார்த்துப் புறப்படும் மைலை எழுதினார். அடுப்பு மேட்டிலிருந்து கொண்டுவந்த மூடியைப் பொருத்தி, இரண்டு கவ்விகளையும் அழுத்தினார். சோக்கை இழுத்தார்.